பாதி வசனம்

அந்த அம்மாள் கண்ணை மூடி ஜெபித்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் சபையில் ஜெபம் என்றால் முதலில் கண்ணை மூட வேண்டும், பிறகு குரலைக் கொஞ்சம் நடுங்கவிட வேண்டும், நடுநடுவே "அப்பா" என்று இழுக்க வேண்டும். அவர் இதில் எதையும் செய்ய மாட்டார். மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, பெரிய எழுத்து வேதாகமத்தை மடியில் விரித்து, வரிமேல் விரலை வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார். "கண்ண மூடிட்டா எப்படிப் படிக்கிறது?" என்பார். வசனத்தைப் படித்து அதையே ஜெபமாகத் திருப்பிச் சொல்வார். சொந்தமாக ஏதாவது சேர்த்தால் அது சண்டைக்கான வார்த்தையாகத்தான் இருக்கும். நீர் சொல்லியிருக்கீர், இதோ இருக்கு, செய்யும். பட்டாவைக் காட்டி தாசில்தாரிடம் நியாயம் கேட்கிற ஆள் மாதிரிதான் கடவுளிடம் பேசுவார்.

எழுந்தது முதல் படுக்கிறவரை வாயில் கும்பகோணம் வெற்றிலை இருக்கும். ஜெபத்துக்கு மட்டும் கொல்லைப்பக்கம் போய் வாய் கொப்பளித்துவிட்டு வருவார். அந்தக் கொப்பளிக்கிற சத்தம் கேட்டால் இன்றைக்கு யாரோ வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று அர்த்தம்.

எங்கள் ஊர் நன்னிலம் தாண்டி உள்ளே போக வேண்டும். ஒரே சபை, ஒரே கோயில், இரண்டு தெரு. மேலத்தெருவில் நிலம் வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பங்கள். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், காலனியில், அந்த நிலத்தில் வேலை செய்த கிறிஸ்தவக் குடும்பங்கள். அவர் மேலத்தெரு, நான் காலனி. அவர் வீட்டு வயலில் நாற்றுப் பறித்து நடவு நட்டவள் என் அம்மா. எல்லாரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று பிரசங்கம் வாராவாரம் நடக்கும். அதைக் கேட்டுவிட்டு அவரவர் தெருவுக்குப் போவோம்.

திருவிருந்து நாளில் அது இன்னும் பச்சையாகத் தெரியும். பீடத்துக்கு முன்னால் முழங்கால்படியிட்டு, போதகர் நீட்டுகிற ஒரே வெள்ளிப் பாத்திரத்தில் ஆளுக்கு ஒரு வாய் திராட்சரசம் குடிக்க வேண்டும். முதலில் மேலத்தெரு எழுந்து போகும். அவர்களில் கடைசி ஆள் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு ஓர் இடைவெளி. அப்புறம்தான் காலனி எழும். இப்படித்தான் போக வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது, யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததும் கிடையாது. ஆனால் எல்லாருக்கும் தெரியும். என் அம்மா காலனியிலும் கடைசியாகத்தான் போவாள், கூச்சம் அவளுக்கு. ஆக, சபையே வாய் வைத்து முடித்த பாத்திரம்தான் அவளுக்கு வரும். இதை எழுதும்போதுகூட எனக்கு உடம்பு கொதிக்கிறது.

என் அண்ணன் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பிய சமயம். மேட்டூர்த் தண்ணீர் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை என்று ஆன பிறகு வயலை நம்பி யாரும் உட்காரவில்லை. காலனிப் பையன்கள் சிங்கப்பூர், மஸ்கட் என்று போனார்கள். மேலத்தெருப் பிள்ளைகள் பெங்களூர், அமெரிக்கா என்று போனார்கள். அண்ணனின் வழியனுப்பு ஜெபத்துக்கு அவரும் வந்திருந்தார். எங்கள் வீட்டுப் படியேறி வருகிற ஒரே மேலத்தெரு ஆள் அவர்தான். உபதேசியார் வழக்கமான வசனத்தைப் படித்தார்: வீட்டைவிட்டு ஓடிய யாக்கோபுக்குக் கடவுள் சொன்னது, நீ போகிற இடமெல்லாம் உன்னோடு இருந்து காப்பேன் என்று. எல்லாரும் ஆமென் சொல்லி, உள்ளேயிருந்து காப்பித் தட்டும் வந்துவிட்டது.

"நிறுத்துங்க," என்றார் அவர். "வசனம் இன்னும் முடியல."

விரலை ஓட்டி மீதியைப் படித்தார். இந்த மண்ணுக்கே உன்னைத் திரும்பக் கொண்டுவருவேன் என்றும் அதே வசனத்தில் இருக்கிறது. வெளிநாடு போகிற எவனுக்கும் அந்தப் பாதியை யாரும் படித்துக் காட்டியதில்லை. படித்துவிட்டு ஓட்டுக்கூரையை நிமிர்ந்து பார்த்தார். "திரும்பக் கொண்டாருவேன்னு நீர்தான் சொல்லியிருக்கீர். கொண்டாந்தா இவன் எந்த வரிசையில நிப்பான்? அதயும் சொல்லும்."

அதற்கு யாரும் ஆமென் சொல்லவில்லை. அண்ணன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். காப்பி ஆறிப்போயிற்று.

வசனத்தைப் பாதியில் நிறுத்துவதுதான் அவருக்கு உலகத்திலேயே ஆகாத காரியம். புத்தாண்டுக்கு வீட்டுக்கு வீடு ஒரு வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்களே, அதைக் கையில் வாங்கியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்வசனம் பின்வசனம் தேட ஆரம்பித்துவிடுவார். ஆசீர்வதிப்பேன் என்று அட்டையில் இருக்கும். நீ இன்னதைச் செய்தால் என்று வேதத்தில் இருக்கும். "கீரை ஆயற மாதிரில்ல ஆயறானுங்க. தண்டெல்லாம் குப்பைக்கு, தளிர் மட்டும் அட்டைக்கு," என்பார்.

இப்படிப்பட்டவரிடம்தான், சபைக்கு மறுபடி உயிர் வர வேண்டும் என்று கேட்கிற எழுப்புதல் ஜெபத்தை ஒப்படைத்தார்கள். செக்ரட்டரி செய்த தப்பு அது. செக்ரட்டரி என்றால் எங்கள் சபைக் கமிட்டியின் செக்ரட்டரி, ரைஸ்மில்காரர், மேலத்தெருவில் மாடி வீடு. ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வந்தது அவருக்குக் கவலை. மேலத்தெருப் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள், அதைக் குறை சொல்ல முடியாது, அவர் பிள்ளையே அமெரிக்காவில் டாக்டர். காலனியில் பாதிப் பேர் பஸ் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டிருந்த புது ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். அங்கே வரிசை கிடையாது. ஏன் போகிறார்கள் என்று செக்ரட்டரி எங்களில் ஒருவரையும் கேட்கவில்லை. சபைக்கு எழுப்புதல் வேண்டும், வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம், அந்த அம்மாள் நடத்துவார் என்று அறிவித்துவிட்டார்.

நான் அப்போது தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவில் வந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவோடு போனேன். அன்றைக்கு எடுத்த வசனம் எழுப்புதல் கூட்டம் எங்கே நடந்தாலும் எடுக்கிற வசனம்தான்: என் ஜனங்கள் தங்களைத் தாழ்த்தி, ஜெபித்து, பொல்லாத வழிகளைவிட்டுத் திரும்பினால் அவர்கள் தேசத்தைக் குணமாக்குவேன் என்பது. செக்ரட்டரி கண்ணை மூடிக்கொண்டு எங்கள் தேசத்தைக் குணமாக்கும் அப்பா, அணையை நிரப்பும் அப்பா, சபையை நிரப்பும் அப்பா என்று உருகினார்.

அந்த அம்மாள் அவர் முடிக்கிறவரை காத்திருந்துவிட்டு, "வாலை மட்டும் பிடிச்சுக்கிட்டு மாடு வேணும்னா எப்படி?" என்று கேட்டார். பொல்லாத வழி என்று நடுவில் இருக்கிறதே, நம் சபையில் அது எது, ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள், சொல்லிவிட்டு ஜெபிக்கலாம் என்றார். சொன்னார்கள். குடி என்றார் ஒருவர். கேபிள் டிவி என்றார் இன்னொருவர். சினிமாப் பாட்டு, பீடி, ஆராதனைக்கு லேட்டாக வருவது. ஒருவரும் தன்னுடையதைச் சொல்லவில்லை. கேட்கக் கேட்க எல்லாமே காலனிப் பையன்கள் செய்கிற பாவமாகவே இருந்தது.

"பாத்திரத்துக்கு யாரு மொதல்ல போறது, யாரு கடைசில போறது. அத ஏன் யாரும் சொல்லல?" என்றார் அவர். பிறகு செக்ரட்டரி பக்கம் திரும்பினார். "எழுப்பும் எழுப்பும்னு கேக்கறீங்க. செத்ததத்தான் எழுப்ப முடியும். செத்துட்டோம்னு மொதல்ல ஒத்துக்குங்க."

எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் வெளியே வந்ததும் அவர் என் அம்மாவைப் பார்த்து, "ஏய், நாளைக்கு வந்து நெல்லக் காயப்போட்டுட்டுப் போ," என்றார். அம்மா அவரைவிட மூத்தவள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் அம்மாவிடம் பேசுவது வா, போ என்றுதான். அன்றைக்கு என்னால் பொறுக்க முடியவில்லை. அம்மாவை முன்னால் அனுப்பிவிட்டு அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

அது வாய்ப்பழக்கம், அதில் ஒன்றுமில்லை என்றார். "வரிசையும் பழக்கம்தாங்களே," என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது. வேதாகமத்தைப் பட்டென்று மூடினார். நர்ஸ் படித்துவிட்டால் பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது என்றுகூட மறந்துவிடுமா என்று கேட்டார். போய்ட்டு வா என்றுகூடச் சொல்லவில்லை. இவரும் அவ்வளவுதான், ஊருக்கெல்லாம் முழு வசனம், தனக்கு மட்டும் பாதி வசனம் என்று திட்டிக்கொண்டே வாய்க்கால் பாலத்தைத் தாண்டினேன்.

அடுத்து வந்த திருவிருந்து ஞாயிற்றுக்கிழமை மேலத்தெரு எழுந்தது. அவர் எழவில்லை. வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடம்பு சரியில்லையோ என்று செக்ரட்டரியின் மனைவி குனிந்து கேட்டதற்கு இல்லை என்று தலையை ஆட்டினார். காலனி எழுந்தபோது எழுந்தார். மெல்ல நடந்து வந்து, என் அம்மாவுக்குப் பின்னால் நின்றார். அம்மா விலகி வழிவிட்டாள். அவர் நகரவில்லை. அம்மா குடித்த பாத்திரத்தில் அம்மாவுக்கு அடுத்துக் குடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் திரும்பிப் போனார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு திருவிருந்திலும் அப்படித்தான். அம்மாவை எப்படிக் கூப்பிடுவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. வா என்று சொல்ல முடியவில்லை, வாங்க என்று வாய் வரவில்லை. "இந்தாம்மா" என்று ஆரம்பித்து மீதியை விழுங்கிவிடுவார். அம்மாவுக்கு அது பெரிய சிரிப்பு.

வெற்றிலை போடுகிற வாய், அதனால்தான் கூச்சப்பட்டுக் கடைசியில் போகிறீர்களா என்று செக்ரட்டரி ஒருநாள் கேலியாகக் கேட்டார். "ஆமாங்க, என் எச்சி இனிமே யாருக்கும் போகாதுல்ல. அம்பது வருஷமா அவளுக்குப் போயிக்கிட்டிருந்துச்சு," என்று பதில் வந்தது.

மேலத்தெருவில் இரண்டு விதவைகளும் அவரைப் போலவே காலனி எழும்வரை உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார்கள். புதிதாக வந்திருந்த இளம் போதகருக்கு அதில் தைரியம் வந்து, இனிமேல் உட்கார்ந்திருக்கிற வரிசைப்படி எல்லாரும் கலந்து வரலாம் என்று அறிவித்தார். ஒரே ஒரு தடவை அப்படி நடந்தது. செக்ரட்டரிக்கு முன்னால் காலனிக்காரர் ஒருவர் வாய் வைத்துவிட்டார். செக்ரட்டரி பாத்திரத்தை உதட்டில் தொட்டும் தொடாமலும் திருப்பிக் கொடுத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அடுத்த கூட்டத்திலேயே சுகாதாரம் வந்துவிட்டது. இத்தனை தலைமுறையாக இல்லாத சுகாதாரம். அமெரிக்காவில் இருக்கும் டாக்டர் பிள்ளை சொன்னாராம், ஒரே பாத்திரத்தில் குடிப்பது அபாயமாம், ஆளுக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கிண்ணங்களை அவரே வாங்கி அனுப்புகிறாராம். மாதிரிக்கு ஒன்றைக் காட்டினார்கள். இருமல் மருந்து மூடி அளவு இருந்தது. என்னையும் கூட்டத்துக்கு வரச்சொல்லியிருந்தார்கள். காலனிக்காரி, அதிலும் நர்ஸ். என் வாயால் சொல்லவைத்தால் காரியம் முடிந்தது என்று கணக்கு.

"நீயே சொல்லும்மா," என்றார் செக்ரட்டரி. "ஒரே பாத்திரத்துல குடிச்சா நோய் வருமா வராதா?"

"வரலாம்ங்க," என்றேன். "எங்கம்மா இத்தன வருஷமா உங்க எல்லார் வாயும் பட்டதத்தான குடிச்சாங்க. அப்ப ஏன் யாரும் கேக்கல?"

உட்காரப் போனேன். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "பாதியில நிறுத்தாத. முழுசாச் சொல்லு."

நிமிர்ந்து நின்றேன். முழுதாகவே சொன்னேன். எங்களுக்கு நோய் வந்துவிடும் என்று நீங்கள் பயப்படவில்லை, எங்கள் வாய் பட்டதை நீங்கள் குடிக்க வேண்டிவந்துவிட்டதே என்றுதான் பயப்படுகிறீர்கள் என்றேன். போதகர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீர்மானம் நிறைவேறியது. கைதூக்கினவர்களில் போதகரும் ஒருவர்.

முதல்முதலாகத் தட்டில் சின்னக் கிண்ணங்கள் வந்த அன்றைக்கு, இனி முதல் கடைசி என்ற பேச்சே இல்லை, இதுதான் உண்மையான சமத்துவம் என்று செக்ரட்டரி அறிவிப்பு வாசித்தார். அந்த அம்மாள் போய் முழங்கால்படியிட்டார். தட்டு வந்தபோது கையை மடக்கி வைத்துக்கொண்டார். போதகர் அடுத்த ஆளிடம் போனார். அதன்பின் கோயிலில் அவர் திருவிருந்து வாங்கவே இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் போய் முழங்கால்படியிட்டு, கை மூடி, திரும்பி வந்தார். பிடிவாதக்காரி என்றார்கள். பிசாசு பிடித்திருக்கிறது என்றுகூட ஒருத்தி சொன்னாள்.

எழுப்புதலும் வந்தது, அதுவும் பந்தல் போட்டு. அறுவடை முடிந்த வயலில் மேடை, கீபோர்டு, டிரம்ஸ், வெளியூர்ப் பிரசங்கியார். மூன்று நாளும் ஜனங்கள் அழுதார்கள், ஆடினார்கள், கையை உயர்த்தினார்கள். செக்ரட்டரி தேம்பித் தேம்பி அழுதார். அந்த அழுகை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். மனதார அழுதுவிட்டு மறுநாள் அதே ஆளாக எழுந்து மில்லுக்குப் போனார்.

கடைசி நாள் முடிவு ஜெபத்துக்கு அந்த அம்மாளை மேடைக்குக் கூப்பிட்டார்கள், மூத்தவர் என்ற மரியாதைக்காக. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வேதாகமத்தை விரித்தார். நீங்கள் கைகளை விரித்தால் என் கண்களை மறைத்துக்கொள்வேன், நீங்கள் எவ்வளவு ஜெபித்தாலும் கேட்க மாட்டேன் என்று தீர்க்கதரிசி வழியாகக் கடவுள் சொல்கிற இடம். அதைப் படித்துவிட்டு வேதாகமத்தை மூடினார். வாழ்நாளில் முதல் தடவையாகப் பாதியில் நிறுத்தினார்.

செக்ரட்டரி கிட்டே வந்து, பாவம் பனிபோல் வெளுக்கும் என்று அடுத்தாற்போல் வருகிறதே, அதையும் படித்து முடியுங்கள் என்று காதில் சொன்னார். மைக்கில் எல்லாருக்கும் கேட்டது. அவர் சொன்ன பதிலும் கேட்டது. "நடுவுல ஒண்ணு இருக்கு. தீமை செய்யறத விட்டு ஓய்ங்கன்னு. அத நீங்க செய்யுங்க, மீதிய நான் படிக்கறேன்." கீபோர்டுக்காரன் சட்டென்று பாட்டை ஆரம்பித்துவிட்டான்.

அதற்கப்புறம் நான் மஸ்கட் போனேன். லீவில் திரும்பி வந்தபோது அவர் படுக்கையில் இருந்தார். பிள்ளைகள் பெங்களூரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நானும் அம்மாவும் போனோம். அம்மா வழக்கப்படி தரையில் உட்காரப் போனாள். அவர் காலை மெல்ல இழுத்துக்கொண்டு கட்டிலில் இடம் விட்டு, அங்கே உட்காரும்படி கையைக் காட்டினார். அம்மா ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்த நேரத்தில் போதகர் வந்தார், வியாதிக்காரருக்குத் திருவிருந்து கொடுக்க. பெட்டியிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தை எடுத்து ஊற்றினார். இவர் கையை மடக்கிவிடுவார் என்று அவருக்கும் பயம்தான். எல்லாரும் இதில் குடியுங்கள் என்கிற வாசகத்தைச் சொல்லிக்கொண்டே கொடுத்தார். அந்த அம்மாள் கையை நீட்டி வாங்கினார். வாங்கி, குடிக்காமல், அம்மாவிடம் நீட்டினார்.

"நீங்க மொதல்ல குடிங்க."

அம்மா பதறிப்போய் என்னைப் பார்த்தாள். "குடிங்கன்னா," என்றார். அந்த நிலையிலும் அந்தக் கோபம் போகவில்லை. அம்மா குடித்தாள். இருமல் மருந்து மூடியில் பாதி எவ்வளவு இருக்கும், உதடு நனைகிற அளவு. மீதியை அவர் வாங்கிக் குடித்தார். போதகர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை.

பிறகு அவர் தலைமாட்டில் இருந்த வேதாகமத்தை என் பக்கம் தள்ளினார். "அன்னிக்கு விட்டேனே, அந்த மீதியப் படி," என்றார். படித்தேன். பாவம் எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் பனிபோல் வெளுக்கும் என்ற வரி வந்தபோது, வசனம் தெரியாமல் நிறுத்திவிடப் போகிறேனோ என்று அவர் விரல் காற்றில் வரியைத் தேடிக்கொண்டிருந்தது. முழுதாக முடித்த பிறகுதான் ஆமென் சொன்னார்.

அந்த வாரமே போய்விட்டார். அடக்கத்தில் செக்ரட்டரிதான் ஜெபித்தார், கண்ணை இறுக மூடிக்கொண்டு. எழுப்புதலுக்காகப் போராடி ஜெபித்த தாய், அவர் ஜெபத்தைக் கேட்டீரே அப்பா, ஸ்தோத்திரம் என்றார். எனக்குக் கல்லை எடுத்து எறியலாம் போலிருந்தது. வெள்ளிப் பாத்திரத்தை இப்போது கோயில் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். நம் முன்னோர் அனைவரும் ஒருமனமாய்ப் பருகிய பாத்திரம் என்று கீழே எழுதியிருக்கிறது. லீவுக்கு வரும்போதெல்லாம் அதைப் படிக்கிறேன்.

ஆனாலும் உள்ளே போகிறேன். அம்மா கூப்பிடுகிறாள். பீடத்தில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால்படியிடுவோம். தட்டு வரும். அம்மா ஒரு கிண்ணம் எடுத்து, பாதி குடித்துவிட்டு என்னிடம் தருவாள். போன தடவை தட்டைப் பிடித்து நின்றது செக்ரட்டரியே. வயதாகிவிட்டது அவருக்கும்.

"ஆளுக்கு ஒண்ணு இருக்கும்மா," என்றார்.

"தெரியுங்க," என்றாள் அம்மா, கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துக்கொண்டே. "எங்களுக்கு ஒண்ணு போதும்."